மஃபலெட்டா வீட்டில்: பிரெட் கொழகொழப்பது எண்ணெயாலா, உப்புநீராலா?

வட்டத்தட்டு
இந்த இழையை மஃபலெட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: எள் தூவிய வட்ட பிரெட்டுக்குள் இறைச்சி, சீஸ், எண்ணெயில் ஊறிய ஆலிவ் சாலட் அடுக்கிய சாண்ட்விச். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பிரெஞ்ச் குவார்ட்டரில், டெகேட்டர் தெருவில் இருக்கும் சென்ட்ரல் குரோசரிதான் இதன் தாய்வீடு. இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்த சால்வடோர் லூப்போ 1906-இல் தொடங்கிய மளிகைக் கடை அது. பக்கத்திலிருந்த பிரெஞ்ச் மார்க்கெட்டுக்கு வந்த சிசிலி விவசாயிகள் சலாமி (உப்பிட்டு உலர்த்திய சாசேஜ்), ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி), சீஸ், ஆலிவ் சாலட், பிரெட் என்று தனித்தனியே வாங்கி, மடியில் பரப்பிவைத்துத் தின்னத் திண்டாடினார்களாம். அதைப் பார்த்த லூப்போ பிரெட்டைக் குறுக்கே அறுத்து எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிக் கொடுத்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. மஃபலெட்டா என்பது முதலில் அந்த வட்ட பிரெட்டின் பெயர்தான். பிறகுதான் சாண்ட்விச்சுக்கும் அதுவே பேரானது.

பேச வேண்டியது இதுதான். வீட்டில் செய்தால் பெரும்பாலும் அடித்துண்டு கொழகொழவென்று ஊறிப்போகிறது, மேல்துண்டு வறட்டென்று நிற்கிறது. எண்ணெயைக் குறைத்தால் சாலட் உப்புக்கல் மாதிரி கரிக்கிறது. 25 செ.மீ. வட்ட பிரெட் ஒன்றுக்கு அளவுகளோடு யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஊறுகாய்ஜாடி
கொழகொழப்புக்கு எண்ணெய் காரணமே இல்லை நண்பரே. உப்புநீர்தான் காரணம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிரெட்டின் சதை ஸ்டார்ச். தண்ணீர் பட்டால் அதை உறிஞ்சி ஊதிக் களியாகிவிடும். எண்ணெய் அப்படிச் செய்வதில்லை. துளைகளுக்குள் இறங்கிச் சுவரில் பூசிக்கொள்ளும், அவ்வளவுதான். எண்ணெயில் ஊறிய பிரெட் மிருதுவாக, ஈரமாகத் தெரியும், ஆனால் மெல்லும்போது உருவம் இருக்கும். வினிகரிலோ ஆலிவ் பாட்டிலின் தண்ணீரிலோ ஊறியது நாக்கில் ஒட்டும். எனவே எண்ணெயைக் குறைப்பது தப்பான இடத்தில் கைவைப்பது. தண்ணீரை வடிக்க வேண்டும்.

சாலட்டுக்கு என் அளவு, எல்லாம் வடித்த பிறகு எடைபோட்டது: சிவப்பு மிளகாய்த் துண்டு அடைத்த பச்சை ஆலிவ் 200 கிராம், கொட்டை நீக்கிய கலமாட்டா கறுப்பு ஆலிவ் 100, ஜார்டினியேரா (வினிகரில் ஊறிய காலிஃபிளவர், கேரட் கலவை) 150, செலரி ஒரு தண்டு (சுமார் 50), சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் 50, கேப்பர் (ஊறுகாயிட்ட சிறு பூமொட்டு) 20 கிராம். பூண்டு 3 பல், காய்ந்த ஓரிகானோ 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி, சிவப்பு ஒயின் வினிகர் 45 மி.லி., ஆலிவ் எண்ணெய் 150 மி.லி. உப்பு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. இது ஏறத்தாழ 700 கிராமுக்கு மேல் வரும், இரண்டு பெரிய சாண்ட்விச்சுக்குக் காணும்.

வடிக்கும் முறையைக் கவனியுங்கள். ஜார்டினியேராவை முழுசாக வடித்தால் போதாது. காலிஃபிளவர் பஞ்சு மாதிரி, நறுக்கியதும் உள்ளே பிடித்து வைத்திருந்த வினிகரையெல்லாம் விடும். நறுக்கிய பிறகு சல்லடையில் அரைமணி நேரம் போட்டு, கையால் மெதுவாக ஒரு பிழி பிழியுங்கள். ஆலிவும் அப்படியே. பிறகுதான் எண்ணெய்.

தெக்கத்திஅடுப்பு
ஜாடி அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். மிக்சியில போடவே போடாதீங்க. சட்னி ஆயிடும், அதுவும் எண்ணெயையும் சேர்த்து ஓட்டினா நல்ல ஆலிவ் எண்ணெய் கசந்துபோகும். கத்தியில நறுக்குங்க. துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெருசா, அரை செ.மீ. அளவுக்கு. அதைவிடப் பெருசா இருந்தா கடிக்கும்போது உருண்டு வெளிய ஓடும். பொடிசா இருந்தா எது ஆலிவ், எது கேரட்டுன்னு வாய்க்குத் தெரியாது.

ஃபுட் பிராசசர் வெச்சிருக்கவங்க விட்டு விட்டு அஞ்சாறு தடவை தட்டினா போதும். ஆலிவைத் தனியா, காயைத் தனியா. ஏன்னா கேரட் அரைபடறதுக்குள்ள ஆலிவ் கூழாயிடும். கொட்டை எடுத்ததுன்னு பாட்டில்ல போட்டிருந்தாலும் கறுப்பு ஆலிவை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க. ஒடைஞ்ச கொட்டைச் சில்லு ஒண்ணு ரெண்டு இருக்கும்.

பன்பட்டர்
டின்னில் வரும் கறுப்பு ஆலிவ் இருக்கிறதே, பீட்சாவில் வட்ட வட்டமாகப் போடுவது, அதைக் கலமாட்டாவுக்குப் பதில் போடலாமா? ஜார்டினியேரா கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

ஊறுகாய்ஜாடி
போட்டால் நிறம் இருக்கும், ருசி இருக்காது. அது மரத்திலேயே பழுத்துக் கறுத்ததில்லை. காயைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, காற்றேற்றிக் கறுப்பாக்கி, அந்த நிறம் போகாமலிருக்க ஃபெரஸ் குளுக்கோனேட் என்ற இரும்பு உப்பைச் சேர்க்கிறார்கள். புளிப்பும் கிடையாது, கசப்பும் கிடையாது. வேறு வழியில்லை என்றால் கறுப்பை விட்டுவிட்டு 300 கிராமும் பச்சை ஆலிவாகவே போடுங்கள். அதுவே மேல். காசு கொடுக்க முடிந்தவர்கள் பச்சையில் பாதியை காஸ்டெல்வெட்ரானோவாக மாற்றலாம். சிசிலி ஆலிவ், உப்பு குறைவு, வெண்ணெய் மாதிரி சதை.

ஜார்டினியேரா வீட்டிலேயே சுலபம். காலிஃபிளவர் 150 கிராம், கேரட் 100, செலரி 80, குடைமிளகாய் ஒன்று. 5% அமிலமுள்ள வெள்ளை வினிகர் 250 மி.லி., தண்ணீர் 250 மி.லி., உப்பு 15 கிராம், சர்க்கரை 15 கிராம் கொதிக்கவைத்து, கேரட்டையும் காலிஃபிளவரையும் அதில் ஒன்றரை நிமிடம் மட்டும் விட்டு, மற்றதைப் போட்டு உடனே இறக்குங்கள். ஆறியதும் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். நறுக்கென்று கடிபட வேண்டும். வெந்துபோன காயால் செய்த சாலட் அடுத்த நாளே குழைந்துவிடும்.

கடையில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. சிக்காகோ பாணி ஜார்டினியேரா எண்ணெயில், பச்சை மிளகாய்க் காரத்தோடு வரும். இதற்கு வேண்டியது வினிகரில் ஊறியது.

எள்ளுமாவு
சாலட்டைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார்கள். பிரெட்டுக்கு வருகிறேன். தவறான பிரெட்டில் எவ்வளவு நல்ல சாலட்டும் வீண்.

சியபாட்டா வேண்டாம், துளைகள் பெரிது, எண்ணெய் நேராக வழிந்து தட்டுக்குப் போய்விடும். பாகெட் போன்ற பிரெஞ்சு பிரெட்டின் தோல் கெட்டி. அழுத்திக் கடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கம் பிதுங்கும். ஃபொக்காச்சியா ஏற்கெனவே எண்ணெய் குடித்தது, இன்னும் குடிக்க அதில் இடமில்லை. தேவையானது மெல்லிய தோல், நெருக்கமான சிறு துளைகள், தட்டையான உருவம், மேலே எள்.

ஒரு 25 செ.மீ. பிரெட்டுக்கு: பிரெட் மாவு 320 கிராம், தண்ணீர் 200 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், உப்பு 6, சர்க்கரை 6, ஆலிவ் எண்ணெய் 15 கிராம். பிரெட் மாவு என்றால் புரதம் 12 முதல் 13 சதவீதம். பாக்கெட்டின் பின்னால் பாருங்கள், 10 சதவீத மைதாவாக இருந்தால் தண்ணீரை 185 மி.லி.க்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் மாவு பரந்து ஓடும். கையால் பத்து நிமிடம் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வு, பரோட்டா மாவு கைக்கு எப்படி இருக்குமோ அந்தப் பக்குவம்.

மாவு இருமடங்காக உப்ப ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். உருட்டி, மூடி 15 நிமிடம் விடுங்கள். இந்த 15 நிமிடத்தை விட்டால் மாவு அமுக்க அமுக்கச் சுருங்கிக்கொள்ளும். பிறகு 23 செ.மீ. வட்டமாகத் தட்டித் தட்டில் வைத்து 45 நிமிடம். விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி எழும்ப வேண்டும். தண்ணீர் தடவி, எள் இரண்டு மேசைக்கரண்டி தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தாத எள் அறுக்கும்போது மொத்தமும் உதிரும். 200 டிகிரியில் 25 நிமிடம், உள்வெப்பம் 93 டிகிரி தொட்டால் போதும். நடுவில் 5 செ.மீ. உயரம் வரும்.

ஆறாமல் அறுக்காதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம். சூட்டில் அறுத்தால் உள்ளே இருக்கும் நீராவி சதையை ஈரமாக்கும், ஜாடி சொன்ன அதே களி.

வட்டத்தட்டு
நடுவில் குவிந்து கோபுரம் மாதிரி எழும்புவது ஏன்? அடுக்கினால் சாய்ந்து சறுக்குகிறது.

எள்ளுமாவு
இரண்டு காரணம். ஒன்று, தட்டியபின் விடும் 45 நிமிட ஊறல் போதவில்லை, அதனால் ஓவனில் போனதும் மிச்ச ஊக்கமெல்லாம் நடுவில் வெடிக்கிறது. இரண்டு, தட்டும்போது நடு தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் விட்டிருப்பீர்கள். ஓரத்தைவிட நடுவைச் சற்று மெல்லியதாகத் தட்டுங்கள், ஊத்தப்பத்துக்கு நேர்மாறாக. சுட்டபின் குவிந்திருந்தால் கவலை இல்லை, மேல்துண்டின் உள்சதையை ஒரு செ.மீ. ஆழம் கிள்ளி எடுத்துவிடுங்கள். சாலட் உட்கார அது ஒரு தொட்டியாகும்.

தெக்கத்திஅடுப்பு
அடுக்கற வரிசை: அறுத்த ரெண்டு முகத்துலயும் எண்ணெய். அடியில சலாமி, அப்புறம் ஹாம், மார்ட்டடெல்லா (கொழுப்புத் துண்டு பதிச்ச பெரிய பன்றி சாசேஜ்), ப்ரவலோன் சீஸ், மொட்சரெல்லா சீஸ், எல்லாத்துக்கும் மேல சாலட். ஜெனோவா சலாமி, ஹாம், மார்ட்டடெல்லா ஒவ்வொண்ணும் 115 கிராம், சீஸ் ரெண்டும் ஒவ்வொண்ணும் 115. கண்ணாடி மாதிரி மெல்லிசா சீவினது. ஒரே தடிமன் துண்டா போட்டா கடிக்கறப்ப முழுத் துண்டும் இழுபட்டு வந்துடும். மொட்சரெல்லா தண்ணியில மிதக்கற உருண்டை கூடாது, பீட்சாவுக்குத் துருவற கெட்டி வகைதான்.

சலாமி அடியில இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. அது கொழுப்பு, தண்ணியைத் தாண்ட விடாது. தேங்காய் சட்னிக்குக் கீழ வாழை இலை மாதிரி.

ஊறுகாய்ஜாடி
வரிசை சரி. சாலட்டை அடியிலும் மேலும் இரண்டு பக்கமும் போடுபவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. எண்ணெய் தானாகவே கீழே இறங்கும், மேலே ஏறாது. மேல்துண்டை ஒட்டி இருந்தால்தான் அதுவும் நனையும், அடியும் நனையும். வட்டத்தட்டு கேட்ட வறட்டு மேல்துண்டுக்கு விடை இதுதான்.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன், இதைச் செய்து பார்த்தால் விட மாட்டீர்கள். முந்தின நாள் ஊறவைத்த சாலட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியில் வையுங்கள். குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும், கெட்டுப்போனதில்லை. இளகியதும் 350 கிராமை ஒரு கிண்ணத்தின்மேல் சல்லடையில் பத்து நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் இறங்கியது இரண்டாகப் பிரியும்: மேலே ஓரிகானோ மிதக்கும் பொன்னிற எண்ணெய், அடியில் கலங்கலான செம்பழுப்புத் தண்ணீர். கிண்ணத்தைச் சாய்த்து எண்ணெயை மட்டும் கரண்டியால் அள்ளி பிரெட்டின் இரண்டு முகத்திலும் தடவுங்கள், முகத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி. பூண்டும் ஆலிவும் இறங்கிய எண்ணெய் அது, புது எண்ணெய்க்கு அந்த வாசம் கிடையாது. அடித்தண்ணீர் பிரெட்டில் படவே கூடாது, மீதிச் சாலட்டிலேயே ஊற்றிவிடுங்கள்.

பன்பட்டர்
பெரிய பிரெட் சுட வசதியில்லை. 12 செ.மீ. எள் பன்னில் செய்தால் அளவுகளை நான்கில் ஒன்றாக்கலாமா?

எள்ளுமாவு
கிட்டத்தட்ட. விட்டத்தை அல்ல, பரப்பைப் பாருங்கள். 25 செ.மீ. வட்டம் சுமார் 490 சதுர செ.மீ., 12 செ.மீ. வட்டம் 113. எனவே சாலட் 80 கிராம், இறைச்சியும் சீஸும் ஒவ்வொன்றும் 26, 27 கிராம். பர்கர் பன்னில் சர்க்கரையும் வெண்ணெயும் அதிகம், இனிப்பு தூக்கலாகத் தெரியும். சாதாரண மாவில் சுட்ட பன் தேடுங்கள்.

குளிர்பெட்டி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சாலட்டை முன்கூட்டியே செய்து வைப்பதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எண்ணெயில் பச்சைப் பூண்டு போட்டு வெளியில் வைக்கவே கூடாது. நம் வீட்டு ஊறுகாய் மாதம் கணக்கில் வெளியில் இருக்கிறதே என்று இதையும் அப்படி நினைத்துவிடாதீர்கள். அதில் உப்பும் புளிப்பும் பல மடங்கு.

பூண்டு மண்ணிலிருந்து வருவது, உயிரையே எடுக்கக்கூடிய போட்டுலிசம் என்ற உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் (ஸ்போர்) அதில் இருக்கலாம். எண்ணெய் காற்றை அடைத்துவிடும். காற்றில்லை, அமிலம் குறைவு, அறை வெப்பம், மூன்றும் சேர்ந்தால் அது வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். வாசனையிலோ ருசியிலோ தெரியாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் பலர் பாதிக்கப்பட்டது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம். பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது, ஆனால் வீட்டில் நறுக்கிய பூண்டின் நடுவரை வினிகர் இறங்கியதா என்று அளக்க வழியில்லை.

ஆகவே நடைமுறை இது: பூண்டு சேர்க்காத சாலட்டை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் ஒரு வாரம் வரை வையுங்கள். தேவையான பங்கில் மட்டும், சாண்ட்விச்சுக்கு முந்தின நாள், வினிகரில் ஊறிய பூண்டைச் சேருங்கள். பூண்டு சேர்த்தது 4 நாளைத் தாண்ட வேண்டாம். வினிகரில் பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்படாதீர்கள், பூண்டின் கந்தகச் சேர்மங்கள் செய்யும் நிறமாற்றம், தீங்கில்லை.

ஊறுகாய்ஜாடி
நல்ல திருத்தம், நன்றி. நான் கொடுத்த அளவில் பூண்டை இனி இப்படித்தான் எல்லோரும் சேருங்கள். ஒரு சாண்ட்விச்சுக்கு ஒன்றரைப் பல். 24 மணி நேரம் ஊறியே ஆக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செய்தவுடன் தின்றால் பச்சைப் பூண்டு தனியாகக் குத்தும், ஓரிகானோ வைக்கோல் மாதிரி இருக்கும்.

வட்டத்தட்டு
சூடாக்குவதா, அப்படியே தின்பதா? நியூ ஆர்லியன்ஸிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. சென்ட்ரல் குரோசரியில் அறை வெப்பத்தில்தான், சார்ட்ரஸ் தெரு நெப்போலியன் ஹவுஸில் சூடாக.

தெக்கத்திஅடுப்பு
எனக்குச் சூடுதான். ப்ரவலோன் உருகி சாலட்டைப் பிடிச்சுக்கும், ஒண்ணும் உதிராது. ஆனா முழுசா அடுக்கி ஓவன்ல வெச்சா ஆலிவ் எண்ணெய் பூரா இளகித் தட்டுல குளம் கட்டும், செலரி வெந்துபோகும். அதனால சாலட் இல்லாம இறைச்சியும் சீஸும் மட்டும் அடுக்கி, ஃபாயில்ல சுத்தி 175 டிகிரியில 10 நிமிஷம். கடைசி 3 நிமிஷம் ஃபாயிலைத் திறந்துடுங்க, எள் மொறுமொறுன்னு வரும். வெளிய எடுத்து மேல்துண்டைத் தூக்கி சாலட்டை வெச்சு மூடிடுங்க.

எள்ளுமாவு
நான் எதிர்க்கட்சி. சூட்டில் மார்ட்டடெல்லாவின் கொழுப்பு உருகி, அதன் மணம் ஆலிவை அமுக்கிவிடுகிறது. இந்த பிரெட் ஊறுவதற்காகப் பிறந்தது, சுடுவதற்கு அல்ல. அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் அழுத்திவைத்த சாண்ட்விச்சில் பிரெட், சீஸ், எண்ணெய் மூன்றும் ஒன்றாகிவிடும். சூடாக்கியதில் அவை தனித்தனியாகவே நிற்கின்றன.

அழுத்துவது எப்படி என்றால், கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு தட்டு, அதன்மேல் இரண்டு கிலோ எடை. இரும்பு தோசைக்கல் கச்சிதமாக உட்காரும். அரைமணி கழித்துத் தலைகீழாகத் திருப்புங்கள், எண்ணெய் மேல்துண்டுக்கும் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பதானால் ஃப்ரிட்ஜில் வைத்து, தின்பதற்கு அரைமணி முன் எடுங்கள். மொத்தமாக வெளியில் இருக்கும் நேரம் இரண்டு மணியைத் தாண்டக் கூடாது, இறைச்சி இருக்கிறது.

பன்பட்டர்
பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு? சைவத்துக்கு?

ஊறுகாய்ஜாடி
மாட்டிறைச்சி சலாமி, புகையூட்டிய வான்கோழி, வான்கோழி மார்ட்டடெல்லா என்று மாற்றலாம். வான்கோழியில் கொழுப்பு குறைவு, அதனால் மாட்டு சலாமியை அடியில் வைத்து, ப்ரவலோனை 150 கிராமாக்குங்கள். சைவத்துக்குக் கத்தரிக்காயை ஒரு செ.மீ. வட்டமாக வெட்டி, உப்பிட்டு அரைமணி வைத்து, ஒற்றியெடுத்து, எண்ணெய் தடவி 220 டிகிரியில் 25 நிமிடம் சுடுங்கள். உப்பிடாத கத்தரி தண்ணீர் விடும், மறுபடி அதே களி. சீஸ் உறையில் ரென்னெட் (பாலைத் திரட்டும் நொதி) எதிலிருந்து என்று பாருங்கள், ப்ரவலோனில் கன்றின் ரென்னெட் இருப்பதுண்டு.

வட்டத்தட்டு
கடைசியாக ஒன்று. வடித்தும் உப்பு அதிகமாக இருந்தால்?

ஊறுகாய்ஜாடி
ஆலிவையும் கேப்பரையும் நறுக்குமுன் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வடித்துத் துணியில் ஒற்றுங்கள். நறுக்கியபின் கழுவாதீர்கள், ருசியெல்லாம் போய்விடும். சாலட் செய்து முடித்தபின் தெரிந்தால் இன்னும் 50 கிராம் செலரியும் ஒரு பிடி பார்ஸ்லியும் நறுக்கிச் சேருங்கள்.

தெக்கத்திஅடுப்பு
நாலா வெட்டி மிச்சம் இருந்தா ஃபிலிம்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள். மைக்ரோவேவ்ல வெக்காதீங்க, பிரெட் தோல் மாதிரி இழுக்கும். அரைமணி வெளிய வெச்சு அப்படியே தின்னுங்க, ரெண்டாம் நாள் துண்டுல அடிப்பக்கம் பூரா பச்சை எண்ணெய் ஏறி நிக்கும்.